கணக்கில் ஏறாத தோட்டம்



நம் காலாண்டிதழின் வரலாற்றுப் பக்கத்தில் கோயில், கல்வெட்டு, ஏரி என்று எழுதுவது வழக்கம். இந்த முறை ஒரு தோட்டத்தின் வரலாறு. அந்தத் தோட்டம் சண்டிகரில் இருக்கிறது. அதை இப்போது ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்கள், வரவிருக்கும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலை ஒரு முறை எடுத்துப் பார்க்கவும். அதில் 7-வது பொருள்: "பின்புறச் சுற்றுச்சுவர் ஓரமுள்ள இடத்தைச் சுத்தம் செய்து, பேவர் பிளாக் பதித்து, வாகன நிறுத்தமாக்குதல்." அதற்குக் கை தூக்கும் முன் இந்தக் கதையை அனைவரும் தெரிந்துகொண்டால் நல்லது.

இடித்த ஊர்களும் எழுந்த நகரமும்

1947-இல் நாடு பிரிந்தபோது பஞ்சாபின் தலைநகரமான லாகூர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிதாக ஒரு தலைநகரம் தேவைப்பட்டது. அப்படி உருவானதுதான் சண்டிகர். பிரான்சிலிருந்து லெ கொர்புசியே என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரை அழைத்து வந்து நகரை வடிவமைத்தார்கள். நேர் சாலைகள், எண்ணிட்ட செக்டார்கள், கான்கிரீட் கட்டடங்கள். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே பூங்கா என்று எல்லாமே வரைபடத்தில் முன்கூட்டியே முடிவாகிவிட்டது.

அந்த இடம் வெறும் பொட்டல் அல்ல. அங்கே கிராமங்கள் இருந்தன. நகரத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலி செய்யப்பட்டு இடிக்கப்பட்டன. வீடுகள் போயின. உடைந்த பானை, ஓடு, வளையல், பீங்கான், கதவு நிலை எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன.

அந்தக் குவியல்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் நேக் சந்த். 1924-இல் இன்றைய பாகிஸ்தான் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையில் பிறந்த ஊரை விட்டு இந்தியாவுக்கு வந்தவர். 1950-களின் தொடக்கத்தில் சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை கிடைத்தது. பெரிய பதவி அல்ல. சாலைப் பணிக்கு வரும் தார், சிமென்ட், கல் ஆகியவற்றுக்குக் கணக்கு வைத்து, வேலையை மேற்பார்வையிடும் வேலை.

பதினெட்டு ஆண்டு ரகசியம்

நகரின் வடக்கு ஓரத்தில், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு புதர்க்காடு இருந்தது. எந்தக் கட்டடமும் கட்டக் கூடாது என்று ஒதுக்கிய அரசு நிலம். சுமார் 1957-இல் நேக் சந்த் அங்கே கொஞ்சம் இடத்தைச் சுத்தம் செய்து ஒரு குடிசை போட்டார். பகலில் அலுவலக வேலை. வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையடிவார ஓடைகளுக்குப் போய், மனிதர் போலவும் பறவை போலவும் தோன்றும் கற்களைப் பொறுக்கி, கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். திரும்பும் வழியில் இடிபாடுகளில் கிடைத்ததையும் எடுத்துக்கொள்வார்.

அவர் சேர்த்த பொருள்களின் பட்டியல் நம் பழைய இரும்புக் கடையின் பட்டியல் போலவே இருக்கும். உடைந்த கண்ணாடி வளையல், விரிசல் விட்ட வாஷ்பேசின், மின்சார பியூஸ் கேரியர், சைக்கிளின் ஹேண்டில்பார், மட்கார்டு, காலித் தார் டிரம், சூளையில் உருகிக் கருகிய செங்கல், பாட்டில் மூடி, சலூனில் வெட்டிப் போட்ட தலைமுடி. சைக்கிள் உதிரிகளை எலும்புக்கூடாக வைத்து, மேலே சிமென்ட் பூசி, அது காய்வதற்குள் வளையல் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் பதிப்பார். ஒரு பெண் உருவத்துக்கு வளையலே புடவை. ஒரு படைவீரனுக்குப் பீங்கானே சட்டை. இரவு வேலைக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் பழைய டயரைக் கொளுத்திக்கொள்வார். பொம்மைகளுக்கு நடுவே நடைபாதை, சிறு நீரோடை, முற்றம் என்று ஒரு கற்பனை ராஜ்யமே உருவாயிற்று.

வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், கட்டியதும் இடியும். அரசு ஊழியர் ஒருவர் அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் கட்டுகிறார் என்றால் விதிப்புத்தகம் என்ன சொல்லும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஏறத்தாழ 18 ஆண்டுகள் அப்படியே போயின. சுமார் 12 ஏக்கர் வரை வளர்ந்துவிட்ட அந்தத் தோட்டம் எந்த வரைபடத்திலும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கணக்கில் ஏறாத சொத்துக்குப் பாதுகாப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் அது இல்லை என்று சொல்லிவிடலாம்.

கண்டுபிடித்த பிறகு

1975 வாக்கில் விஷயம் வெளியே வந்தது. அதிகாரிகள் திகைத்தார்கள். சட்டப்படி ஆக்கிரமிப்பு, இடிக்க வேண்டியதுதான் என்று ஒரு தரப்பு. தாவரவியலாளரும் மூத்த ஐ.சி.எஸ். அதிகாரியுமான எம்.எஸ்.ரந்தாவா போன்றவர்கள் இதைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். பொதுமக்களும் திரண்டு வந்து பார்த்து, அந்தப் பக்கமே நின்றார்கள்.

நகர நிர்வாகம் 1976-இல் அந்த இடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. "ராக் கார்டன்" என்ற பெயர் நிலைத்தது. நேக் சந்த்தைச் சாலைப் பணியிலிருந்து விடுவித்து, தோட்டத்தையே முழுநேர வேலையாகக் கொடுத்தது. அதற்கென்று ஒரு பதவிப் பெயர், சம்பளம், 50 தொழிலாளர்கள். நகரமெங்கும் கழிவுப் பொருள் சேகரிக்கவும் ஏற்பாடாயிற்று.

பாராட்டு விழாக்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்த நிர்வாக உத்தரவுதான். நேற்று வரை குற்றமாக இருந்தது, ஒரு பதவியும் ஒரு செலவுத் தலைப்பும் கிடைத்ததும் அரசுப் பணியாகிவிட்டது. தோட்டம் அதே தோட்டம். மனிதரும் அதே மனிதர். மாறியது பதிவேடு மட்டுமே. 1983-இல் அஞ்சல் தலை வந்தது. 1984-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று அது ஏறக்குறைய 40 ஏக்கர். செயற்கை அருவிகளும் பள்ளத்தாக்குகளும் உண்டு. தினமும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1980-களின் இறுதியில் தோட்டத்தின் ஒரு பகுதியை எடுத்துச் சாலை போடும் திட்டம் வந்தது. புல்டோசர்கள் வந்தபோது நகரவாசிகள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். நீதிமன்றத்திலும் தோட்டத்தின் பக்கமே தீர்ப்பானது. 1996-இல் நேக் சந்த் வெளிநாட்டுப் பயணம் போயிருந்த நேரத்தில், தோட்டத்துக்கான ஆட்களை நிர்வாகம் விலக்கிக்கொண்டது. காவல் இல்லாத இடத்தில் விஷமிகள் புகுந்து பல உருவங்களை உடைத்தார்கள். பிறகு ஒரு சங்கம் அமைத்துத்தான் பராமரிப்பை மீட்க வேண்டியிருந்தது.

நேக் சந்த் 2015 ஜூன் மாதம் தமது 90-வது வயதில் காலமானார். 2025-இன் தொடக்கத்தில், பக்கத்திலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்தவும் வாகன நிறுத்தத்துக்காகவும் தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மக்கள் போராடியும் சுவர் போய்விட்டது. உலகப் புகழ் பெற்ற தோட்டத்துக்கே வாகன நிறுத்தத்தால் இந்த நிலை என்றால், பெயரில்லாத தோட்டங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடல் கடந்து ஒரு சாட்சி

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வாட்ஸ் என்ற பகுதி. இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் ரோடியா என்ற கட்டடத் தொழிலாளி, 1921 முதல் 1954 வரை 33 ஆண்டுகள், தமது சிறிய மனையில் தனி ஆளாகக் கோபுரங்கள் எழுப்பினார். இரும்புக் கம்பி, சிமென்ட், அதன்மேல் உடைந்த டைல்ஸ், பாட்டில், சிப்பி. உயரமான கோபுரம் கிட்டத்தட்ட 100 அடி. பிறகு அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்.

ஆபத்தான கட்டுமானம், இடிக்க வேண்டும் என்று நகராட்சி உத்தரவிட்டது. அக்கறையுள்ள சிலர் சேர்ந்து குழு அமைத்தார்கள். அவர்கள் கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. சோதித்துப் பாருங்கள் என்றார்கள். 1959-இல் கோபுரத்தில் கம்பி வடம் கட்டி 10,000 பவுண்டு, அதாவது சுமார் நாலரை டன் விசையோடு இழுத்துப் பார்த்தார்கள். கோபுரம் அசையவில்லை. இடிப்பு உத்தரவு கைவிடப்பட்டது. காகிதத்தில் வந்த குற்றச்சாட்டுக்கு, காகிதத்தில் பதிவான சோதனை முடிவே பதிலானது.

நம் பக்கத்து அனுபவம்

இந்த இரண்டும் கலைத் தோட்டங்கள். கழிவு கொட்டிய இடம் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் வீடாக மாறியதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. சென்னையில் அடையாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள உப்பங்கழியில், பல ஆண்டுகளாகக் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டப்பட்டு, கழிவுநீரும் கலந்துவந்தது. அக்கறையுள்ள அமைப்புகள் 1990-களில் நீதிமன்றம் வரை போனதால் அந்த இடம் கட்டடங்களாக மாறாமல் தப்பியது. பிறகு அரசு 58 ஏக்கரில் குப்பையை அகற்றி, நீர்ப்பரப்பை மீண்டும் தோண்டி, அலையாத்தி மரங்களையும் இந்தக் கடற்கரைக்கே உரிய செடிகொடிகளையும் நட்டது. 2011 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. இன்று தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில், நகரத்தின் நட்டநடுவே நீர்ப்பறவைகளும் நண்டுகளும் பட்டாம்பூச்சிகளும் வாழும் இடமாக இருக்கிறது.

அந்த வேலைக்குத் திட்டம் தந்தவர்கள் நம் விழுப்புரம் மாவட்டத்து ஆட்கள். ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் மழையில் அரித்துப்போன செம்மண் பொட்டல். வரப்பு கட்டி, மழைநீரை நிறுத்தி, இலட்சக்கணக்கில் மரம் வளர்த்தார்கள். அங்குள்ள பிச்சாண்டிக்குளம் காட்டை உருவாக்கியவர்களே அடையாற்றுக்கும் வழிகாட்டினார்கள். மரம் வந்த பிறகு மரநாயும் முள்ளம்பன்றியும் தாமாக வந்தன. யாரும் கூண்டில் கொண்டுவந்து விடவில்லை. இடம் கொடுத்தால் உயிர் தேடி வரும்.

ஓலைக்குப் பேர்போன ஊர்

நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு பதிவேட்டின் பெருமையைப் பேசுவது திருநெல்வேலியிலே அல்வா விற்பது போல. திருமணப் பந்தலில் சுந்தரரைத் தடுத்த முதியவர், "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை" என்று ஒன்றைக் காட்டினார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வந்தது. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று முதியவர் எடுத்து நீட்டினார். சபையார் பாட்டனாரின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். இறைவனே வந்தாலும் ஆவணத்தோடு வா என்று கேட்ட ஊர் இது. அருட்டுறைக் கோயிலுக்குத் தினமும் போகும் நமக்கு, எழுதி வைப்பதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது 7-வது பொருள்

நம் வளாகத்தின் பின்புறச் சுவர் ஓரம் சுமார் 120 அடி நீளம், 10 அடி அகலமுள்ள இடம் இருக்கிறது. ஜெனரேட்டர் அறையைத் தாண்டிப் போனால்தான் கண்ணில் படும். அதனால் நம்மில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. வீடுகளில் மராமத்து நடக்கும்போதெல்லாம் மிஞ்சும் டைல்ஸ், உடைந்த சிங்க், பழைய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கேதான் போய் விழும்.

நம் இரவுக் காவலர் நாலைந்து ஆண்டுகளாக அதிகாலையில் அங்கே வேலை செய்துவருகிறார். டைல்ஸ் துண்டுகளை வைத்துப் பாத்தி கட்டியிருக்கிறார். பழைய தண்ணீர்த் தொட்டியை இரண்டாக அறுத்து மண் நிரப்பி முருங்கை வைத்திருக்கிறார். சிங்க்கில் பறவைகளுக்குத் தண்ணீர். கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, ஆடாதொடை, ஓரமாக எருக்கு. எருக்கு எதற்கு என்று கேட்டேன். "அதுல ஒரு பட்டாம்பூச்சி முட்டை போடுது சார், அதான் விட்டுட்டேன்" என்றார். கறிவேப்பிலையில் இன்னொரு வகை முட்டையிடுகிறது. தவிட்டுக்குருவிக் கூட்டம், தேன்சிட்டு, செம்போத்து, ஓணான், அரணை இத்தனையையும் அங்கே பார்க்கலாம். ஒரு கீரிக் குடும்பமும் உண்டு. இதற்காகச் சங்கம் இதுவரை ஒரு ரூபாய் செலவழித்ததில்லை. சங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் இந்தத் தோட்டம் இல்லை. அதனால்தான் நிகழ்ச்சி நிரலில் அது "சுத்தம் செய்ய வேண்டிய இடம்" ஆகியிருக்கிறது.

வரும் தை மாதத்தோடு அவர் வேலையை விட்டு மகன் வீட்டுக்குப் போகிறார். 1996-இல் சண்டிகரில் நடந்ததை இங்கே ஒரு முறை நினைத்துக்கொள்வது நல்லது.

எதிர்த் தரப்பையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வாகன நெருக்கடி உண்மையானது. இரவில் தெருவில் வண்டி நிறுத்துபவர்களின் கவலை எனக்குத் தெரியும். கொசு, பாம்பு பற்றிய பயமும் பொய்யல்ல. டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே பறவைத் தொட்டியை வாரம் இரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்து நிரப்ப வேண்டும். டயர் இருந்தால் அடியில் ஓட்டை போட வேண்டும். உணவுக் கழிவு கொட்டினால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். அங்கே சமையலறைக் கழிவு போடக் கூடாது. கற்குவியலைக் கட்டடத்திலிருந்து தள்ளி, சுவர் பக்கமாக வைக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 1,200 சதுர அடி மண்ணில் ஒரு அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,800 லிட்டர் தண்ணீர் விழும். மண்ணாக இருந்தால் பெரும்பகுதி உள்ளே இறங்கும். இறுக்கிப் பதித்த தளமாக இருந்தால் பெரும்பகுதி நம் கீழ்த்தள வாசலுக்கு ஓடிவரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி நம் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது.

ஆகவே 7-வது பொருளுக்குப் பின்வரும் திருத்தத்தை முன்மொழிகிறேன்.

1. ஜெனரேட்டர் அறையை ஒட்டிய முதல் 40 அடியை மட்டும் இருசக்கர வாகன நிறுத்தமாக்கலாம். அங்குள்ள செடிகளை அதற்கு முன் இடம் மாற்ற வேண்டும்.

2. மீதி 80 அடியைச் "சங்கத் தோட்டம்" என்று தீர்மானப் புத்தகத்திலும் வளாக வரைபடத்திலும் பதிய வேண்டும். வருங்காலத்தில் பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

3. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத்துக்கென்று தனித் தலைப்பு வேண்டும். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. தலைப்பு இருக்க வேண்டும். தலைப்பு இல்லாத செலவை அடுத்த நிர்வாகக் குழு முதலில் வெட்டும்.

4. மராமத்துச் செய்யும் வீட்டார் உடைந்த டைல்ஸ், பீங்கானைத் தனியாகச் சாக்கில் கட்டிக் கொடுத்தால், தோட்டத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சங்கமே முறையாக அப்புறப்படுத்தும்.

5. இதுவரை பராமரித்தவருக்குப் பொதுக்குழுவில் நன்றி தெரிவித்து, அவர் பெயரைத் தீர்மானத்தில் எழுத வேண்டும். அவர் போகும் முன் எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர், எங்கே கூடு இருக்கிறது என்பதையெல்லாம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

திருத்தத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரு முறையாவது இடத்தை நேரில் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வர வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஜெனரேட்டர் அறைப் பக்கம் வந்தால் காவலரே சுற்றிக்காட்டுவார். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். செருப்புப் போட்டு வரச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் தங்கள் கருத்தைச் செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுக்கலாம். வாய்மொழியாகச் சொன்னால் பதிவாகாது.